ஒருதரம்தான் கேட்பார்

அன்றைக்குக் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் அவர். மேசைக்கு முன்னால், நாற்காலி இருந்தும் உட்காராமல், கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒரு ஆள். அந்த ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள், எட்டு வயது. வாசல்படியில் நான். அவர்களைப் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்தவன். மேசைமேல் ஒரு பழைய லெப்டொப். அதற்குள் குவைத்தில் வேலை செய்யும் அந்தப் பிள்ளையின் அம்மா.

அம்மா உள்ளே இருக்கிறாள் என்று எனக்கு ஆட்டோவிலேயே தெரியும். பிள்ளைதான் சொன்னது. வீட்டு வேலைக்குப் போனவள், அந்த வீட்டுப் பையன் கழித்துப் போட்ட லெப்டொப்பை வாங்கி, அவன் சொல்லிக்கொடுத்தபடி அதற்கு முன்னால் உட்கார்ந்து, மகளுக்குப் பேசிப் பேசிப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய இன்னொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இங்கே வந்து திறந்தால் எல்லாம் அரபு எழுத்து. எதை அமுக்குவது என்று தெரியவில்லை. ஒருநாள் எதையோ அமுக்கியதும் அரபில் யாரோ பேசியிருக்கிறார்கள். பயந்து மூடிவிட்டார்கள். எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அம்மாவைப் பார்க்கலாம் என்று வந்திருந்தார்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயதில் போனவள் அவள். பிள்ளைக்கு அம்மாவின் முகம் ஒரு பாஸ்போர்ட் படம். குரல், வெள்ளிக்கிழமை போனில் வரும் இரைச்சல்.

நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி. பெயர் போடவில்லை. அவரிடம் கொம்பியூட்டர் கொடுத்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

மொத்த மரக்கறிக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கடை. படி ஏறும்போதே லீக்ஸ் வாசம் அடிக்கும். எந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருப்பார். கழற்றிய ஸ்குரூ ஆணிகளை பிஸ்கட் டின் மூடியில் வட்டமாக அடுக்கி வைப்பார். ஒன்று குறைந்தால் தரையில் முட்டி போட்டுத் தேடுவார். ஒருவருடைய சாமானைக் கழற்றி இன்னொருவருக்குப் போடுகிற பழக்கம் அவரிடம் இல்லை. தோட்டத்துத் தொரைக்கும் கொழுந்து எடுக்கிறவளின் மகனுக்கும் ஒரே கூலி. அதனால்தான் அவ்வளவு பேர் வந்தார்கள். பதுளையிலிருந்துகூட வருவார்கள்.

அவருக்கு ஒரு குணம். எதையும் ஒருதரம்தான் கேட்பார்.

வருகிறவர்களிடம் "டீ குடிக்கிறீங்களா" என்று கேட்பார். எங்கள் ஆட்கள் முதலில் வேணாங்க என்றுதான் சொல்வார்கள். அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேட்டவுடன் வாயைத் திறக்கிறவன் தீனிக்கு அலைகிறவன் என்று பெயர் எடுப்பான். கேட்டவர், அட குடிங்க என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அப்போது குடிப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வேணாங்க என்று வாயிலிருந்து வந்ததும், படியில் எட்டிப் பார்த்துக் கீழே டீக்கடைக்குச் சத்தம் கொடுப்பார்: "ஒண்ணு." பால் இல்லாத பிளேன்டி ஒன்று வரும். அவர்களைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். விடிய இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வந்த ஆட்கள். ஒரு அம்மா எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

தம்பி, இன்னொருக்காக் கேட்டா குடிப்பாங்க இல்லையா என்று ஒருநாள் சொன்னேன். அவங்களுக்கு வாய் இருக்கே அண்ணே என்றார்.

என்னிடமும் முதல்நாள் கேட்டார். எனக்குக் குளிர். குடிப்பேன் என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அன்றையிலிருந்து நான்தான் அவருக்கு ஆட்டோ. கொம்பியூட்டர் பெட்டிகளை ஏற்றி இறக்குவது, பெரகலவுக்கும் அப்புத்தளைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் நான். எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு சரி. கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பழுதான கொம்பியூட்டரைத் துடைத்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் போடுவதுதான் அவருக்கு அதிகமாக வந்த வேலை. துடைத்தால் உள்ளே இருப்பது போய்விடும். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. துடைக்கும் முன் கேட்பார். இங்கிலீஷ் கலந்து, வேகமாக, ஒரே மூச்சில் கேட்பார். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.

பாலர் பாடசாலை நடத்துகிற ஒரு மிஸ் ஓகே சேர் என்றாள். அவளுடைய பிள்ளைகள் ஆடிய கலைவிழாப் படமெல்லாம் போனது. இரண்டாம் நாள் வந்து கத்தினாள். அவர் கோபப்படவில்லை. தெரியாததுக்கு ஏன் மிஸ் ஓகே சொன்னீங்க என்று மெதுவாகக் கேட்டார். நிசமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார். அப்படிக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். வாயில் வராது, கண்ணுக்குக் கீழே வரும். அது எனக்குப் பிடிக்காது.

உள்ளே படம் இருக்கு, அது வேணும் என்று யாராவது நேராகச் சொல்லிவிட்டால் வேறு ஆள் ஆகிவிடுவார். நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் துடைப்பார். அதற்குத் தனியாகக் கூலி வாங்க மாட்டார். மதியச் சோறு ஆறிக் கிடக்கும். சொன்னவர்கள் குறைவு. சொன்னவர்களும் பெரும்பாலும் டவுன் ஆட்கள்.

அவரும் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். அதை அவராகச் சொன்னது ஒரே ஒரு தடவை. மழைக்கு பெரகலச் சந்தியில் ஆட்டோவை ஒதுக்கி நிறுத்தியிருந்தோம். எதிரே ஒரு கடையில் போஞ்சிக்காய் குவித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயது. லயத்துக்குப் பின்னால் அவருடைய அம்மா போஞ்சி போட்டிருந்தார். கொடி ஏறிக் காய் பிடித்த நேரம். தொரை வந்து நின்று அப்பாவிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சரிங்க தொரை என்றார். அடுத்தநாள் காலையில் நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். அந்த இடத்தில் தேயிலைக் கன்று வளர்க்கத் தவறணை போடப் போகிறார்களாம். காணியைக் கொடுக்கிறாயா என்றுதான் தொரை கேட்டிருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்ன செய்தார் தெரியுமா அண்ணே என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

"அப்பாவும் அவங்களோட சேந்து கொடிய புடுங்கினாரு," என்றார். "ஆள் பத்தலையாம்."

அப்புறம் மழை விட்டது. போனோம்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அது எனக்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரியும். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு பதுளையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளைக்குப் போவோம் அண்ணே என்று வந்து ஏறினார். புதுச் சட்டை.

வீட்டு வாசலுக்கு அந்தப் பெண் வந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். அவர் முற்றத்தில் நின்றபடியே கேட்டார்.

"வாறியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, நான் வரல என்றாள். அவர் திரும்பி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். எடுங்க என்றார். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கதவுக்குப் பின்னால் தெரிகிறது. பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். மேலே குடையும் இருக்கிறது. தம்பி, பெட்டி கட்டியிருக்காங்க, இன்னொருக்காக் கேளுங்க என்றேன்.

"கேட்டேன் அண்ணே. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முற்றத்துக்கு வந்து நின்றாள். நாங்கள் வளைவு திரும்பும்வரை நின்றாள். பிறகு அவர் பதுளைக்குப் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதுவும் எனக்காக.

என் சம்சாரத்துக்குப் பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வகை ரத்தம்தான் தனக்கும் என்று அவர் எப்போதோ பேச்சில் சொல்லியிருந்தார். போன் எடுத்து, தம்பி ரத்தம் வேணும் என்றேன். வாறேன் என்றார். எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று கேட்கவில்லை. கையிலிருந்த வேலையை அப்படியே விட்டு, கிடைத்த வாகனத்தில் வந்து படுத்து, கையை நீட்டினார். என் சம்சாரம் பிழைத்தாள். நன்றி சொல்லப் போனபோது, நேரா கேட்டீங்க, அவ்வளவுதான் என்றார். அதனால் அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். தயங்கினாலும் நடந்தது நடந்ததுதான்.

அந்த லெப்டொப்புக்கு வருகிறேன்.

திறந்து பார்த்தார். எல்லாம் வலது பக்கத்திலிருந்து தொடங்குகிறது. கீபோர்ட் கட்டைகளில்கூட அரபு எழுத்து. சிரித்துக்கொண்டார். மெஷின் பழசு, ஊரெல்லாம் போடுகிற சிஸ்டத்தை இது தாங்காது என்றார். தன்னிடம் வேறு ஒன்று இருக்கிறது, பாரம் குறைவு, காசில்லாமல் கொடுக்கிறார்கள், திருட்டு சீடி இல்லை, வேண்டுமானால் தமிழிலேயே வரும் என்றார்.

கவ்வாத்துக்காரர் முகம் மலர்ந்தது. தமிழ்லயே வருமாங்க சேர் என்று கேட்டார். வரும் என்றார் இவர். அந்த ஆள் குனிந்து பிள்ளையிடம் சொன்னார்.

"அம்மா தமிழ்ல வருவாங்க."

மெதுவாகத்தான் சொன்னார். அது இவர் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவர் சீடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். வேணாங்க சேர். ஒரு டீ வந்தது. குடித்தார். பிள்ளை டீயைப் பார்க்கவில்லை. லெப்டொப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார்.

"டிஸ்க் ஃபுல்லா ஃபோர்மட் பண்றேன். பேக்கப் எடுக்கல. ஓகேதானே?"

"சரிங்க சேர்."

முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எப்போதும் காத்திருக்கிறதைவிடக் கூடுதலாகவே காத்திருந்தார். அந்த ஆளும் திருப்பி அவரைப் பார்த்தார். பெரியவர்கள் பார்க்கும்போது செய்கிற மாதிரி இன்னொரு தடவை தலையை ஆட்டினார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே இருக்கிற சாமான் எங்கே போகப் போகிறது. எழுத்தை மாற்றுவது அது மாதிரி ஒரு வேலை என்று அந்த ஆள் நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்; துடைப்பது பழுதான கொம்பியூட்டரைத்தானே, இது எழுத்து மாற்றுவதுதானே என்று.

அமுக்கினார்.

ஒரு கோடு ஓடியது. இடமிருந்து வலமாக, கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. பிள்ளை மேசையில் தாடையை வைத்துக்கொண்டு கோட்டையே பார்த்தது. பாதி ஓடியபோது அப்பாவிடம், அம்மா வாறாங்களா என்று கேட்டது. வாறாங்க என்றார் அந்த ஆள்.

வெகுநேரம் ஆனது. கீழே மரக்கறி லொறி வந்து இறக்கிவிட்டுப் போனது. பிறகு திரையில் தமிழ் வந்தது. நிசமாகவே தமிழ். நானே எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வகுப்பில் நன்றாக வாசிக்கிற பிள்ளைபோல. சத்தமாக எழுத்துக் கூட்டியது. இ-ட-ங்-க-ள். கோ-ப்-பு-க-ள். இவருக்கு அது பிடித்துவிட்டது. தன் நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, எதைத் தொட்டால் எது திறக்கும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை ஒவ்வொன்றாகத் திறந்தது. படங்கள் என்று எழுதியிருந்ததைத் திறந்தது. வெள்ளை. காணொளி என்று எழுதியிருந்ததைத் திறந்தது. வெள்ளை.

"அம்மா எங்க?"

எந்த அம்மா என்று இவர் கேட்டார். அப்போதுதான் அந்த ஆள் பேசினார். குவைத், வீட்டுப் பையன், வெள்ளிக்கிழமை லீவு, பேசி எடுத்த படம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவ்வளவு பேச அவருக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. இவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஸ்வெட்டரின் ஸிப்பை மேலே இழுத்துவிட்டார்.

"கேட்டேனே. சரின்னீங்க."

"ஆமாங்க சேர்," என்றார் அந்த ஆள். "நான்தான் சொன்னேன்."

கூலியைக் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்பா கையைப் பிடித்து இறக்கினார். போயிட்டு வாறோம் சேர் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அவர்களை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இவர் ஆணிகளை மூடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவராகவே சொன்னார்.

"படட்டும் அண்ணே. அடுத்த தடவை வாயத் தொறப்பான்."

"அடுத்த தடவைக்கு அதுல என்ன இருக்கு தம்பி?"

ஆணி ஒன்று கீழே விழுந்தது. அவர் குனிந்து தேடினார்.

அந்த வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்திருக்கிறது. பாத்தீங்களா என்று அவள் கேட்டிருக்கிறாள். பாத்தோம் என்று கவ்வாத்துக்காரர் சொல்லியிருக்கிறார். இதை அவரே எனக்குச் சொன்னார். டவுனுக்கு வந்தால் ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் என்னைப் பார்த்து நின்று பேசுவார். உண்மையைச் சொல்லிவிடுங்க என்றேன். சரிங்க என்றார். சொல்லவில்லை. பிள்ளைக்கும் பழக்கிவிட்டார். பச்சைச் சட்டை போட்டிருந்தேனே, எனக்கு நல்லா இருந்துச்சா என்று அவள் கேட்பாளாம். நல்லா இருந்துச்சும்மா என்று பிள்ளை சொல்லுமாம். பாட்டு ஒண்ணு பாடினேனே என்பாளாம். கேட்டேம்மா, நல்ல பாட்டு என்று சொல்லுமாம். இரண்டு வருசம் அந்தப் பிள்ளை பார்க்காத சட்டையைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் வந்துவிட்டாள். பிள்ளை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததாம். வாங்க, உட்காருங்க என்று சொன்னதாம், விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. குரலை வைத்தாவது பிள்ளை தன்னைக் கண்டுபிடிக்கும் என்று நினைத்திருந்தவள். அந்தப் பச்சைச் சட்டைப் படத்தைப் போடு, ரெண்டு பேரும் பாப்போம் என்று லெப்டொப்பைத் திறந்திருக்கிறாள். பிள்ளை அழத் தொடங்கியிருக்கிறது.

அடுத்தநாள் காலை அவள் கடைக்கு வந்தாள். தனியாக வந்தாள். நான் ஒரு பெட்டியை ஏற்றிக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போய், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். துணிப்பையிலிருந்து லெப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அரபுக் கட்டைகள். அவருக்கும் விளங்கியிருக்கும்.

டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

"குடிக்கிறேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கீழே சத்தம் கொடுத்தார். இரண்டு டீ வந்தது. அவள் அவசரப்படாமல் முழுக்கக் குடித்தாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இதுல நான் எம்மகளுக்குப் பேசி வச்சிருந்தேன் தம்பி. திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியாது. அது மேலயே புதுசா எழுதியாச்சு."

"அழிக்க முந்தி கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க வீட்டுக்காரர் சரின்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரிந்து, படம் போச்சே என்று கேட்டு வந்தவர்களில் அந்தக் கடையில் கத்தாமல் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அவரு எல்லாத்துக்கும் சரிம்பாரு. நான் குவைத்துக்குப் போகவான்னு அவருகிட்ட கேட்டேன். போகாதேன்னு சொல்வாருன்னுதான் கேட்டேன். அதுக்கும் சரின்னாரு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே அந்தச் சந்தோஷம் வரவில்லை. மூடியிலிருந்த ஆணிகளை விரலால் கலைத்தார். வட்டம் உடைந்தது.

"எத்தன இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் லெப்டொப்பை மூடினாள். பைக்குள் வைத்தாள். எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். நான் விலகி வழிவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். யாருக்கும் எழுந்து நிற்காதவர்.

"எத்தன இருந்துச்சு அக்கா?"

ஒரே கேள்வியை அவர் இரண்டாவது தடவை கேட்டதை நான் அன்றைக்கு மட்டும்தான் கேட்டேன்.

அவள் படியில் நின்றாள். திரும்பாமல் சொன்னாள்.

பதினேழு.